ரவுட்டரும் அதன் கட்டளை ஏடும்

2016 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று பிற்பகல் ஜேர்மனி நாட்டின் பெருந் தொலைத்தொடர்பு நிறுவனமாகிய டொயிட்சே டெலிகொம்மின் வாடிக்கையாளர் ஏறக்குறைய ஒன்பது இலட்சம் பேரின் வீடுகளில் இணையம் நின்றது. இணையத்தின் வழியே இயங்கிய தொலைபேசி ஊமையாயிற்று, தொலைக்காட்சியும் இருண்டது. புயல் வீசவில்லை, நிலம் நடுங்கவில்லை, கம்பிகள் எவையும் அறுந்து விழவுமில்லை. அவ்வீடுகளின் சுவரோரத்திலே சிறு விளக்குகள் மினுங்க இருந்த பெட்டி செயலிழந்தமையே காரணம். அப்பெட்டியைத்தான் ரவுட்டர் என்று சொல்லுகிறார்கள்.

நிகழ்ந்தது யாதென்று பின்னர் ஆராய்ந்து கண்டார்கள். நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர் தொலைவிலிருந்தே இவ்வகைக் கருவிகளைப் பராமரிப்பதற்கென ஒரு வாயில் உண்டு. உலகெங்குமுள்ள கருவிகளின் அவ்வாயிலை ஒருவன் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். மிராய் என்னும் பெயர்கொண்ட தீய நிரலின் திரிபொன்றை அவற்றுள் நுழைத்து, அவற்றைத் தன் ஏவலாட்களாக்குவதே அவன் நோக்கம். ஜேர்மானியக் கருவிகளுள் அந்நிரல் நுழையவில்லை. ஆயினும் இடைவிடாது தட்டப்பட்டமையைத் தாங்கமாட்டாது அவை நிலைகுலைந்தன. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் இலண்டன் மாநகரின் விமான நிலையமொன்றிலே பிரித்தானியர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். அவர் கொலோன் நகர நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது தெரியவந்த செய்தி வியப்பானது. ஆபிரிக்காவின் லைபீரியா நாட்டிலே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இரண்டிற்கிடையே இருந்த போட்டியின் பொருட்டு அவர் பணம் பெற்று அந்த வேலையைத் தொடங்கியிருந்தார். எங்கோ ஒரு நாட்டு வணிகப் பகை, வேறொரு நாட்டு மூதாட்டியின் தொலைபேசியை ஊமையாக்கிற்று.

இதற்குக் கண்ட பரிகாரமே இங்கே கருதத்தக்கது. ஒன்பது இலட்சம் வீடுகளுக்கும் ஆள் அனுப்புதல் ஆகிற காரியமன்று. கருவியை ஆக்கியோர் அதன் உள்ளேயுள்ள கட்டளைத் தொகுதியைத் திருத்தி எழுதினார்கள். வாடிக்கையாளர் செய்ய வேண்டியிருந்தது, மின்னிணைப்பைச் சற்று நேரம் கழற்றி மீண்டும் பொருத்துவது மாத்திரமே. கருவி விழித்தெழுந்து புதிய தொகுதியைத் தானே இறக்கி எழுதிக்கொண்டது. இரண்டொரு நாட்களிற் பெரும்பாலானோர் வழமைக்குத் திரும்பினர். பெட்டி பழைய பெட்டியே; அதன் அறிவு மாத்திரம் புதிதாயிற்று.

அவ்வறிவு எங்கே இருக்கிறது? ரவுட்டர் என்பது தபாற் கந்தோரிலே கடிதங்களைப் பிரித்தனுப்பும் ஊழியரைப் போன்றது. வெளியிலிருந்து ஒரே இழையாக வரும் இணைப்பை வீட்டிலுள்ள கைத்தொலைபேசி, கணினி, தொலைக்காட்சி முதலிய யாவற்றுக்கும் வானலை வழியே பங்கிட்டு, எவருக்கு வந்த செய்தியோ அவரிடமே அதனைச் சேர்ப்பிக்கிறது. இதனைச் செய்தற்கு அதனுள் ஒரு சிறு கணினியே அடங்கியிருக்கிறது. செயலி ஒன்றும், மின்சாரம் உள்ளவரை மாத்திரம் நினைவைத் தாங்கும் நினைவகம் ஒன்றும், மின்சாரம் நின்ற பின்னரும் எழுதியதை மறவாத ஃபிளாஷ் நினைவகம் ஒன்றும் அதில் உண்டு. 2002 ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாகி உலகெங்கும் பெருவாரியாக விற்பனையான லின்க்சிஸ் டபிள்யூ.ஆர்.ரி. 54ஜி என்னும் நீலமும் கறுப்புமான பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். அதன் தொடக்க வடிவங்களில் ஃபிளாஷ் நினைவகம் 4 மெகாபைற்று. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அவ்வளவு இடத்தைப் பிடித்துவிடும். ஒரு வீட்டின் செய்திப் போக்குவரத்து முழுவதையும் ஆளும் கட்டளைகள் அச்சிறிய இடத்தில் அடங்கியிருந்தன.

இக்கட்டளைத் தொகுதிக்கு ஆங்கிலத்தில் ஃபேர்ம்வெயர் என்று பெயர். 1967 ஆம் ஆண்டில் அஷர் ஒப்லர் என்பவர் டேற்றமேஷன் என்னும் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையிலே இச்சொல்லை ஆக்கினார். கையாற் தொட்டறியத்தக்க வன்பொருளுக்கும், நினைத்தபோது மாற்றத்தக்க மென்பொருளுக்கும் இடைப்பட்டது என்பது கருத்து. அவர் அன்று கருதியது செயலியின் உள்நுணுக்கமான கட்டளைகளை. பின்னர் கருவிகளுள் நிலையாக எழுதிவைக்கப்படும் நிரல்கள் யாவற்றையும் அச்சொல் தழுவிக்கொண்டது. தமிழிலே நிலைபொருள் என்பர். பெயர் நிலைபொருளாயினும் அது நிலையாக இருந்துவிடலாகாது என்பதுதான் இன்றைய நிலைமை.

வாங்கியபோது நன்றாக வேலைசெய்த ஒன்றை ஏன் தொட வேண்டும் என்று கேட்பவர் பலர். கேள்வி நியாயமானதே. தையல் இயந்திரத்தையோ மின்விசிறியையோ எவரும் இவ்வாறு புதுப்பிப்பதில்லை. ஆனால் மின்விசிறியை அயலான் ஒருவன் தெருவில் நின்று இயக்க முடியாது. ரவுட்டரோ தன் அலைகளைச் சுவருக்கு அப்பாலும் வீசுகிறது. மறுபக்கத்தில் உலகம் முழுவதையும் நோக்கித் திறந்துமிருக்கிறது. அதிலுள்ள பிழை, வாங்கிய நாளிலும் இருந்த பிழைதான். அதனைப் பிறர் கண்டுபிடித்த நாளிலிருந்து அது ஆபத்தாகிறது. பாடநூலிலே ஒரு பிழை நேர்ந்துவிட்டாற் பிழைதிருத்தம் வெளியிடுகிறார்கள். பழைய பதிப்பையே வைத்துப் படிக்கும் மாணவனுக்கு அத்திருத்தத்தாற் பயனில்லை. அவனுக்காவது பரீட்சையிற் சில புள்ளிகளே போகும்.

கம்பியில்லா வலையமைப்பின் சரித்திரமே இதற்குத் தக்க சான்று. மின், மின்னணுப் பொறியியலாளர் நிறுவகம் 1997 ஆம் ஆண்டில் 802.11 என்னும் நியமத்தை வெளியிட்டது. அதிலே செய்திகளை மறைத்தனுப்புவதற்கு வகுத்த முறைக்கு, கம்பிக்கு நிகரான அந்தரங்கம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள், சுருக்கமாக டபிள்யூ.ஈ.பி. அப்பெயர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 2001 ஆம் ஆண்டில் புளூரர், மன்ரின், ஷமிர் என்னும் அறிஞர் மூவர் அதன் அடிப்படையிலேயே குறை காட்டினர். போதிய அளவு செய்தித் துணுக்குகளை ஒட்டுக்கேட்டுச் சேர்த்துக்கொண்டால் திறவுகோலையே கணித்தறிந்துவிடலாம் என்பது வெளிப்பட்டது. அதற்குள் அம்முறையிலமைந்த கருவிகள் ஏராளமாக விற்பனையாகிவிட்டன. யாவற்றையும் குப்பையிலே கொட்டுங்கள் என்று சொல்லலாமா?

அறிஞர்கள் அவ்வாறு சொல்லவில்லை. 2003 ஆம் ஆண்டில் டபிள்யூ.பி.ஏ. என்னும் இடைக்கால முறையொன்று வந்தது. அதன் சிறப்பு யாதெனில், பழைய கருவிகளின் உடலை மாற்றாது, நிலைபொருளை மாத்திரம் மாற்றி அவற்றை ஏற்கச் செய்யத்தக்கதாக அது வகுக்கப்பட்டிருந்தமையே. பூட்டின் இரும்பு பழையதுதான். ஆனால் ஒவ்வொரு செய்தித் துணுக்குக்கும் திறவுகோல் மாறுமாறு செய்தார்கள். அதிலும் வலிய முறை அடுத்த ஆண்டே வந்தது. அதற்குப் பெரும்பாலும் புதிய கருவியே வேண்டியிருந்தது. எனினும், இடையிலே பலருடைய பணத்தையும் அந்தரங்கத்தையும் காத்தது அந்தப் புதுப்பிப்பே. கருவியை ஆக்கியவர் புதுப்பிப்பை வெளியிட்டிருக்கவேண்டும், உரியவர் அதனை ஏற்றியுமிருக்கவேண்டும் என்னும் நிபந்தனைகள் இரண்டும் இதற்கு உண்டு.

2004 ஆம் ஆண்டின் அவ்வலிய முறையிலும் 2017 ஒக்டோபரிலே பெல்ஜிய நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மத்தி வன்ஹூஃப் ஒரு வழுவை வெளிப்படுத்தினார். கருவிகள் இரண்டும் முதன்முதற் கைகுலுக்கி உடன்பாடு செய்துகொள்ளும்போது, முன்னர் பயன்படுத்திய திறவுகோலையே மீண்டும் பொருத்திக்கொள்ளுமாறு ஒருவன் இடையில் நின்று ஏமாற்றலாம் என்றார் அவர். இதற்கும் நிரற் திருத்தமே மருந்து. ரவுட்டரைத் திருத்தினால் மாத்திரம் போதாது. கைத்தொலைபேசியையும் மடிக்கணினியையும் திருத்தவேண்டும் என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தனர்.

பிழையைத் திருத்தாது விட்டால் நேரும் தீங்கு யாது? சிலர் தம் கோப்புகளைத் திருடுவார்கள் என்று அஞ்சுகின்றனர். அதனினும் நுட்பமான தீங்கு ஒன்றுண்டு. வங்கியின் பெயரைக் கைத்தொலைபேசியில் எழுதியதும், அப்பெயருக்குரிய முகவரி எண் எது என்று ரவுட்டர் ஒரு பெயரேட்டைக் கேட்கிறது. எந்தப் பெயரேட்டைக் கேட்கவேண்டும் என்பது ரவுட்டருள் எழுதப்பட்டிருக்கிறது. அதனை ஒருவன் மாற்றிவிட்டால், சரியான பெயரை எழுதியவரும் பொய்யான வாசலுக்கே போய்ச் சேருவார். 2011 ஆம் ஆண்டிலே பிரேசில் நாட்டில் ஏறக்குறைய 45 இலட்சம் இணையக் கருவிகள் இவ்வாறு மாற்றப்பட்டன. அக்கருவிகளின் நிரலில் இருந்த வழுவே வழியாயிற்று. பயனாளர் செய்த குற்றம் எதுவுமில்லை. எழுதிய பெயரிலும் எழுத்துப் பிழை இல்லை.

இனி, புதுப்பிக்கும் முறையைக் காண்போர் முதலில் அறியவேண்டியது ஒன்றுண்டு. ஃபிளாஷ் நினைவகத்திலே ஒரு சொல்லைச் சுரண்டி மறுசொல் எழுதுதல் கூடாது. அது வகுப்பறைக் கரும்பலகையை ஒத்தது. ஒரு பகுதியை முழுவதுமாகத் துடைத்த பின்னரே அவ்விடத்திற் புதிதாக எழுதலாம். பழையது துடைபட்டுப் புதியது எழுதி முடியாத அந்தச் சில நிமிடங்களிற் கருவி தான் யார் என்பதையே அறியாத நிலையில் இருக்கிறது. அவ்வேளை மின்சாரம் நின்றால், மீண்டும் மின்சாரம் வந்தபோது அது எதைப் படித்து எழும்? எழாமலே கிடந்துவிடவும் கூடும். இவ்வாறு கிடக்கும் கருவியை உலக வழக்கிலே செங்கல் என்று கேலியாகச் சொல்லுகிறார்கள். கதவு சாத்தாதிருக்க முட்டுக்கொடுப்பதற்கு அது உதவும்.

இலங்கை நேயர்களுக்கு இந்த இடம் விளக்கமின்றியே விளங்கும். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்ட நாடு இது. அட்டவணைப்படி வரும் மின்வெட்டுக்காவது முன்னறிவித்தல் உண்டு. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை உபமின்னிலையத்திலே குரங்கொன்று மின்மாற்றியிற் தொடுத்தமையால் நாடு முழுவதும் இருண்டது. அக்குரங்கு எவருக்கும் முன்னறிவித்தல் கொடுக்கவில்லை. ஆகவே, வானம் தெளிந்திருக்கும் வேளையில், இடிமின்னல் இல்லாத பொழுதில், கூடுமாயின் மின்கலச் சேமிப்புக் கருவியின் துணையுடன் இவ்வேலையைத் தொடங்குதல் நன்று. கருவிகள் சிலவற்றில் இதற்கென முன்னேற்பாடும் உண்டு. பழைய ஏடும் புதிய ஏடும் தனித்தனி இடங்களில் வைக்கப்பட்டு, புதியது சரிவர எழுதி முடிந்த பின்னரே கருவி அதற்கு மாறும். மலிவான பெட்டிகளில் இதனை எதிர்பார்க்க முடியாது.

அடுத்தபடியாக, எந்த ஏடு எந்தப் பெட்டிக்கு உரியது என்பதைப் பார்க்கவேண்டும். பெட்டியைப் புரட்டிப் பார்த்தால் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் மாதிரியின் பெயர் இருக்கும். பெயரோடு அமைந்துவிடாது, அதன் பக்கத்திலே சிறிதாக அச்சிட்டிருக்கும் வடிவ எண்ணையும் பார்த்தல் இன்றியமையாதது. முன்னர் கூறிய 54ஜி பெட்டியே இதற்குப் பாடம். 2005 ஆம் ஆண்டில் அதன் ஐந்தாம் வடிவம் வந்தபோது வெளித்தோற்றம் பெரிதும் மாறவில்லை. உள்ளேயோ 4 மெகாபைற்று ஃபிளாஷ் 2 ஆகக் குறைந்தது. லினக்ஸ் என்னும் இயக்கமுறைமை நீங்கி வி.எக்ஸ்.வேர்க்ஸ் என்னும் வேறொன்று அவ்விடத்தைப் பிடித்தது. நான்காம் வடிவத்துக்கு எழுதிய ஏடு ஐந்தாம் வடிவத்துக்கு ஆகாது. ஒரே பெயர் கொண்ட அண்ணன் தம்பியருக்கு ஒருவர் மருந்தை மற்றவருக்குக் கொடுப்பது போலாகும்.

வடிவம் அறிந்தபின், கருவியை ஆக்கிய நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்தே கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். தேடுபொறியில் முதலில் வந்து நிற்பதெல்லாம் அந்நிறுவனத்தின் தளமன்று. கருவியின் உள்ளமைப்புப் பக்கத்துக்குச் செல்லும் முகவரியும் அடித்தாளிலேயே இருக்கும். பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும் எண். அங்கே ஃபேர்ம்வெயர் அப்கிரேட் என்றோ சிஸ்டம் அப்டேட் என்றோ ஆங்கிலத்தில் எழுதிய இடத்தைக் காணலாம். வேலையைத் தொடங்குமுன் இணைப்புக்குரிய பயனர்ப்பெயர், கடவுச்சொல் முதலியவற்றைக் கொப்பி ஒன்றிற் குறித்துக்கொள்வது நல்லது. புதுப்பித்தபின் சில கருவிகள் பழைய அமைப்புகளை மறந்துவிடும். கணினியைக் கம்பி மூலம் ரவுட்டருடன் பொருத்திச் செய்தலே உத்தமம், வானலை இணைப்பு இடையில் நழுவக் கூடுமாதலால். பின்னர் விளக்குகள் அணைந்தாலும் எரிந்தாலும், கருவி தானே எழுந்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பொறுமையிழந்து ஆளியை நிறுத்தியவர்களாலேயே செங்கற்கள் பல உண்டாயின.

அந்தப் பக்கத்துக்குச் சென்றபோதே செய்யத்தக்க மற்றொரு காரியம், நிருவாகக் கடவுச்சொல்லை மாற்றுவது. மேலே கூறிய மிராய் நிரல் 2016 ஆம் ஆண்டிலே உலகை அலைக்கழித்தபோது கையாண்ட வித்தை பெரிதன்று. தொழிற்சாலையிலேயே இட்டுவிட்ட பயனர்ப்பெயரும் கடவுச்சொல்லுமாக அறுபது சோடிக்குச் சற்று மேற்பட்டவற்றை அது மனப்பாடம் செய்து வைத்திருந்தது, அவ்வளவே. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து உலகெங்கும் எண்ணற்ற கமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் புகுந்தது.

இணைப்பு வழங்கும் நிறுவனமே கொடுத்த ரவுட்டராயின் நிலைமை வேறு. அதன் ஏட்டைப் பொதுவாக அந்நிறுவனமே தொலைவிலிருந்து எழுதும்; வீட்டார் கை வைக்கவேண்டியதில்லை, சிலவற்றிற் கைவைக்கவும் இயலாது. இது வசதியே. ஆயினும் எழுத்தாணி பிறர் கையில் இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது. 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 ஆந் திகதி தொடங்கி 72 மணிநேரத்துக்குள் அமெரிக்காவிலே ஒரே இணைய வழங்குநரைச் சார்ந்த ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ரவுட்டர்கள் மாண்டுபோயின. லூமென் என்னும் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2024 மே மாதத்தில் இதனை வெளியிட்டபோது வழங்குநரின் பெயரைக் குறிப்பிடவில்லை. எவரோ உட்புகுந்து, புதுப்பிப்பு என்னும் பெயரிலே அழிவு ஏட்டை அனுப்பியிருந்தனர் என்பது ஆய்வாளரின் முடிபு. ஜேர்மனியிலே மின்னிணைப்பைக் கழற்றிப் பொருத்தியதும் கருவி எழுந்தது. இங்கே எழவில்லை, பெட்டிகளையே மாற்ற வேண்டியதாயிற்று. உயிர் கொடுத்ததும் உயிர் பறித்ததும் ஒரே வாயில்.

இதனாற்றான் ஏட்டின் மேல் முத்திரை வேண்டும் என்கிறார்கள். முத்திரை இருவகை. ஒன்று, கோப்பிலுள்ள எண்கள் யாவற்றையும் ஒரு விதிப்படி கணித்துப் பெறும் சரிபார்ப்பு எண். வழியில் ஏதேனும் சிதைந்ததா என்பதை மாத்திரம் அது சொல்லும். மற்றையது, ஆக்கியோன் மாத்திரம் இடக்கூடிய மின்னொப்பம். எழுதியவர் யார் என்பதை அது சொல்லும். பழைய கருவிகள் பல முதலாவதோடு நின்றுவிட்டன. ஒப்பத்தைச் சரிபார்த்து, பொருந்தாவிடின் ஏற்க மறுக்கும் கருவியே வாங்கத்தக்கது. விலையைக் கேட்பதோடு இதனையும் கேட்பவர் மிகச் சிலர். கேட்டாலும் விடைசொல்லும் கடைக்காரர் அதனினுஞ் சிலர்.

ஆக்கியவரே கைவிட்டுவிட்ட பெட்டியை என் செய்வது? சில ஆண்டுகள் சென்றதும் நிறுவனங்கள் பழைய மாதிரிகளுக்கு ஏடு எழுதுவதை நிறுத்திவிடுகின்றன. பெட்டி ஓடிக்கொண்டேயிருக்கும், விளக்கும் பச்சையாகவே எரியும். 2025 மே மாதத்தில் அமெரிக்க மத்திய புலனாய்வுப் பணியகம் இத்தகைய பழைய ரவுட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றி, தம் இருப்பிடத்தை மறைக்கும் திரையாக வாடகைக்கு விடுகிறார்கள் என எச்சரித்தது. குற்றம் செய்தவன் ஓரிடத்தில் இருக்க, முகவரி ஒன்றுமறியாத குடும்பத்தின் முகவரியாக இருக்கும். பிரித்தானியாவிலே 2024 ஏப்ரல் 29 ஆந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், எவ்வளவு காலத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வழங்கப்படும் என்பதை விற்குமுன்னரே வெளிப்படுத்துமாறு கட்டாயப்படுத்துகிறது. பாற்பொடிப் பேணியிற் காலாவதித் திகதியைப் பார்த்தே வாங்கும் மக்கள் ரவுட்டரிலும் அதனைக் கேட்பது தவறாகாது.

கைவிடப்பட்ட பெட்டிகளுக்கு வேறொரு கதியும் உண்டு. 54ஜி பெட்டியிலே லினக்ஸ் இருப்பதை 2003 ஆம் ஆண்டில் ஆர்வலர்கள் கண்டறிந்தார்கள். அவ்வியக்கமுறைமையின் உரிமப்படி மூலநிரலை வெளியிடவேண்டும் என்று வற்புறுத்த, நிறுவனமும் வெளியிட்டது. அதிலிருந்து கிளைத்து 2004 இல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. என்னும் முயற்சி தோன்றியது. இன்றும் பல நாட்டுத் தொண்டர்கள் அதன்வழி எண்ணற்ற ரவுட்டர்களுக்கு ஏடு எழுதிக் கொடுக்கின்றனர். இயல்பறிந்த இளைஞர் ஒருவர் துணைக்கு இருந்தால், நிறுவனம் கைவிட்ட பெட்டிக்கு இவ்வழியில் மறுவாழ்வு கொடுக்கலாம். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. ஏடு ஆண்டுதோறும் பெருக்கிறது. 4 மெகாபைற்றுப் பெட்டியோ பெருக்காது. அத்தகைய மிகப் பழைய பெட்டிகளைத் தொண்டர்களும் காலப்போக்கில் விட்டுவிட்டார்கள்.

அந்நிலையில் பெட்டியை மாற்றுதலே வழி. மாற்றும்போது பழையதை அப்படியே பழைய சாமான் வாங்குவோரிடம் தூக்கிக் கொடுத்துவிடுதல் கூடாது. வீட்டின் வைஃபை கடவுச்சொல்லும் இணைப்பின் பயனர்ப்பெயரும், மின்சாரம் இன்றியும் மறவாத அந்த ஃபிளாஷ் நினைவகத்திலே இன்னும் எழுதப்பட்டிருக்கும். பெட்டியின் பின்புறத்திலுள்ள சிறு துளைக்குள் ஊசிமுனையை விட்டு, மின்னிணைப்புடன் இருக்கும்போதே பத்து விநாடி வரை அழுத்திப் பிடித்தால் விளக்குகள் யாவும் ஒருங்கே அணைந்து எரியும். அதன் பின்னர் கொடுக்கலாம்.